உன்ர போனிட்டக் கேள்

என் தம்பியின் பெண்சாதி நிலுஷாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவள் என்று சொல்லக்கூடாது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. ஒன்பது வருசமாகப் பாலையூற்றில் ஒரே ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காமலே சீவித்து வருகிறோம். அதில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை வந்தது அவளுடைய போனால். அதை வாங்கிய நாளிலிருந்து அவள் வைத்தியர். ஆயிரம் பேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியன் என்பார்கள்; இவள் ஒருத்தரையும் கொல்லாமலே முழு வைத்தியர் ஆகிவிட்டாள். யாராவது கொட்டாவி விட்டால் இதயம். யாராவது முதுகைச் சொறிந்தால் ஈரல். முன்வீட்டு ஆசிரியர் சோமசேகரத்துக்குக் காதுக்குள் இரைகிறது என்றதும் மூளைக்குள் கட்டி என்று சொன்னாள்; அந்த மனுசன் மூன்று நாள் உயில் எழுதுகிறேன் என்று திரிந்தார். கடைசியில் காதுக்குள் இருந்தது அழுக்கு.

நான் பெரியாஸ்பத்திரியில் அற்றன்டன். பதினாறு வருசமாகத் தள்ளுவண்டி தள்ளுகிறேன், நோயாளிகளைப் பிரட்டுகிறேன், பீ மூத்திரம் அள்ளுகிறேன். எட்டாம் வகுப்புத்தான் படித்தேன். ஆனால் வாசலில் ஒரு ஆளை இறக்கும்போதே எந்த வாட்டுக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பதினாறு வருசத்தில் நிலுஷா ஒரு நாளாவது என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. அது எனக்குக் குத்தியது. ஓம், குத்தியதுதான்.

யூன் மாதம் என் மகள் டிலானிக்குக் கழுத்து வீங்கியது. பதினொரு வயதுப் பிள்ளை. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் நிலுஷா வந்து, பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்து, போனைத் திறந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தே சத்தமாக வாசித்திருக்கிறாள். கழுத்தில் கட்டி, காய்ச்சல், சாப்பாட்டு மனமின்மை, புற்றுநோயாக இருக்கலாம். நான் வீட்டுக்கு வரும்போது டிலானி தன்னுடைய பென்சில் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். "நான் செத்துப்போயிடுவன் அம்மா, அது சும்மா கிடந்து பழுதாப்போயிடும்" என்றாள்.

கூகைக்கட்டு. பிள்ளைகளுக்கு வந்து தானாகவே வற்றுகிற வெறும் கூகைக்கட்டு! டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நேரே நிலுஷாவின் கேற்றுக்குப் போய் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"இனி என்ர வீட்டுப் படி மிதிச்சியோ, காலை முறிப்பன். என்னட்ட ஒண்டும் கேக்கவும் வராத. உனக்கு என்ன தெரிய வேணுமெண்டாலும் உன்ர போனிட்டக் கேள்!"

அவள் கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு மாதம் நாங்கள் முகம் பார்க்கவில்லை. மாதா கோயிலில்கூட அவள் இடது பக்கம், நான் வலது பக்கம்.

என் தம்பி றொமேஷ் கடலட்டைக்குப் போகிறவன். சல்லிக் கரையிலிருந்து போட் வெளிக்கிடும். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு பதினைந்து பாகம் ஆழத்துக்கு இறங்கி, நிலத்தில் கிடக்கிற அட்டையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவான். ஒரு பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். பதினைந்து ஆள் ஆழம் என்று நினையுங்கள். அதற்குப் பெர்மிற் வேண்டும். அவனிடம் பெர்மிற் இல்லை. நேவிக்காரர் பிடித்தால் சிலிண்டரும் போகும், ஆளும் போவான்.

அந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் ஒரு விசயம் தெரியும். கீழே கூடிய நேரம் நின்றுவிட்டுச் சடாரென்று மேலே வரக்கூடாது. வந்தால் உடம்புக்குள் காற்றுக் குமிழி கட்டும். சிலருக்கு மூட்டு வலிக்கும். சிலருக்கு முள்ளந்தண்டைப் பிடிக்கும், கால் போகும். அதற்கு மருந்து குளிசை இல்லை, ஊசி இல்லை. இரும்பால் செய்த ஒரு அறைக்குள் ஆளைப் போட்டுப் பூட்டி, கடலுக்கடியில் இருந்த அழுத்தத்தைத் திரும்பக் கொடுத்து, ஒட்சிசன் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். அந்த அறை இருப்பது நேவிக்காரரிடம். யாரைக் கண்டு இவர்கள் ஒளிக்கிறார்களோ அவர்களிடமே போய் உயிரைக் கேட்க வேண்டும். அதனால் கால் விறைத்தாலும் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். முதலாளிக்குத் தெரிந்தாலும் பிறகு போட்டில் ஏற்றமாட்டார். ஒரு தடவை குமிழி அடித்தவனுக்குத் திரும்பவும் அடிக்கும் என்று ஒரு கதை.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, றொமேஷ் நாலாவது சிலிண்டரோடு கீழே நிற்கும்போது தூரத்தில் நேவிப் போட் தெரிந்திருக்கிறது. மேலே நின்றவர்கள் கயிற்றை இழுத்து இழுத்துச் சைகை காட்டியிருக்கிறார்கள். இவன் ஒரே மூச்சில் மேலே வந்தான். அப்போது பகல் பதினொரு மணி. போட்டைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

பின்னேரம் இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினமாதிரி வலி. பிறகு கால் இரண்டிலும் எறும்பு ஊர்ந்தது. நிலுஷா கேட்டபோது அவன் சொன்னது, "ஐஸ் பெட்டி தூக்கினனான். முதுகு பிடிச்சிட்டுது."

அவள் அதைத்தான் போனில் அடித்தாள். பாரம் தூக்கியது, இடுப்பு வலி, கால் விறைப்பு. கேட்ட கேள்விக்குப் போன் சரியான மறுமொழிதான் சொன்னது: டிஸ்க் விலகியிருக்கலாம், நரம்பு நசிந்திருக்கலாம், ஓய்வெடுங்கள். போனுக்கு எப்படித் தெரியும் இவன் கடலுக்கடியில் நிற்கிறவன் என்று? டொக்டர் என்றால் முதல் கேள்வியே "என்ன வேலை செய்யிறீர்?" என்பதுதான். போன் அதைக் கேட்காது. என் தம்பிக்கும் அது கேட்காமல் இருந்ததுதான் நல்லதாகப் போய்விட்டது. போன் சொன்ன வருத்தம் அவனுக்கு வசதியான வருத்தம். டிஸ்க் என்றால் நேவி இல்லை, பெர்மிற் இல்லை, முதலாளி இல்லை. பாயில் கிடந்தால் போதும்.

சரி, அவன் பொய் சொன்னான். அவளுக்கு மூளை எங்கே போனது? புருசன் காலையில் என்ன வேலைக்குப் போனான் என்று தெரியாதா? போனிடம் அதையும் சேர்த்துச் சொல்லத் தெரியாத விசரிக்கு என்னத்துக்குப் போன்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. நான் பூசைக்கு வெளிக்கிட்டு, டிலானிக்குத் தலை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். போன் அடித்தது. பார்த்தால் நிலுஷா. இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"மச்சாள், ஒரு சின்னச் சந்தேகம் கேக்கத்தான் எடுத்தனான். இவருக்கு நேற்றையில இருந்து..."

"ஆரிட்ட எடுக்கிறாய் எண்டு தெரிஞ்சோ எடுக்கிறாய்?"

"ஓம் மச்சாள். கோவிக்காதேங்கோ. நீங்கள் ஆஸ்பத்திரியில கண்டிருப்பீங்கள் எண்டு..."

"நான் பீச்சட்டி தூக்கிறவளடி, எனக்கு என்ன தெரியும்? உன்ர போனிட்டக் கேள். அதுதானே பெரிய டொக்டர். என்ர பிள்ளைக்குப் பெட்டி அடிக்கச் சொன்ன டொக்டர்!"

"இல்ல மச்சாள், இவருக்குக் கால்..."

நான் கட் பண்ணிவிட்டேன்.

'கால்' என்ற சொல் என் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றேன். கால் உளுக்கியிருக்கும், இல்லாவிட்டால் ஆணி குத்தியிருக்கும், அதற்கு இவள் போனைப் பார்த்துக் காலை வெட்ட வேண்டும் என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு சந்தோசமும் வந்தது. கடைசியில் என்னிடம் வந்தாள் பார்த்தாயா, வந்தவளை எப்படித் துரத்தினேன் பார்த்தாயா என்ற சந்தோசம். அந்தச் சந்தோசத்தோடு போய் முழங்காலில் நின்று பூசை கண்டேன். அவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்கு வரவில்லை. அதையும் கண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். நான் சொன்னபடியே அவள் போனிடம் கேட்டிருக்கிறாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் வீடியோவில் வந்து, டிஸ்க்குக்கு ஐந்து பயிற்சி என்று காட்டியிருக்கிறான். இவள் அந்த வீடியோவை நிலத்தில் சாத்தி வைத்துவிட்டு, றொமேஷைக் குப்புறப் படுக்கவிட்டு, காலைப் பிடித்து மேலே தூக்கி இறக்கியிருக்கிறாள். பத்துத் தரம், இளைப்பாறி, பிறகும் பத்துத் தரம். "நோகுதோ?" என்று கேட்டிருக்கிறாள். நோகவில்லை என்றானாம். "அப்ப சுகப்படுது" என்றாளாம். ஐயோ மாதாவே! ஒத்தடத்துக்கு வைத்த சுடுதண்ணிப் போத்தலின் சூடு அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. தொடையில் கொப்புளம் வந்த பிறகுதான் கண்டிருக்கிறார்கள். மத்தியானம் தொட்டு மூத்திரம் போகவில்லை. அதற்கும் போனில் பார்த்துப் பார்லித் தண்ணி அவித்துக் கொடுத்தாள். மூத்திரப்பை வெடிக்கிற அளவுக்கு முட்டியிருக்கிற ஆளுக்குப் பார்லித் தண்ணி!

திங்கட்கிழமை காலை போட்டுக்கு ஆள் வரவில்லை என்று ஸெய்னுதீன் தேடி வந்தான். மூதூர்ப் பெடியன், தம்பியோடு இறங்குகிறவன். வாசலில் நின்று ஒரு தரம்தான் பார்த்தானாம். கால் இரண்டும் துணிபோலக் கிடக்கிறது, பக்கத்தில் வீடியோ ஓடுகிறது.

"மச்சான், எப்ப இருந்துடா இது? மூத்திரம் போச்சா?"

"டிஸ்க்கடா" என்றான் என் தம்பி.

"என்ன டிஸ்க்? நான் கயிறு இழுக்க நீ எப்பிடி வந்தாய் எண்டு எனக்குத் தெரியாதா? எழும்புடா... அல்லாஹ்வே, எழும்ப ஏலாதே இவனுக்கு."

அவனே ஒரு ஓட்டோவைக் கூப்பிட்டு, தோளில் போட்டு ஏற்றிக்கொண்டு வந்தான்.

எனக்குக் காலை வேலை. ஏழு மணி இருக்கும். ஓட்டோ ஒன்று வெளிநோயாளர் வாசலில் வந்து நின்றது. நான் வழக்கம்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கால் முதலில் வந்தது. ஆட்டமில்லாத இரண்டு கால். முள்ளந்தண்டு என்று என் மனம் சொல்லி முடிக்கமுதல் முகம் வந்தது. என் தம்பியின் முகம்.

தூக்கினேன், படுக்கவைத்தேன், தள்ளினேன். உள்ளே டொக்டர் பூரணி நின்றா. சின்ன வயதுப் பிள்ளை, ஆனால் கண் கூர்மை.

"என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டா. கேட்டா பாருங்கள், முதல் கேள்வியே அதுதான்.

"கூலி வேலை" என்றான் றொமேஷ்.

"பொய் சொல்லாத நாயே!" என்று நான் கத்தினேன். அங்கே நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சிலிண்டர் போட்டு அட்டைக்குக் குளிக்கிறவன் டொக்டர். என்ர தம்பி. பெர்மிற் இல்லாததால ஒளிக்கிறான்."

டொக்டர் முகம் மாறியது. "கடைசியா எப்ப மேல வந்தனீங்கள்?"

"சனிக்கிழமை பதினொரு மணி" என்றான் ஸெய்னுதீன்.

அவ விரல் மடக்கிப் பார்த்தா. நாற்பத்துநாலு மணித்தியாலம். உடனே ஒட்சிசன் போடச் சொன்னா, மூத்திரக் குழாய் போடச் சொன்னா, நேவி ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தா. குழாய் போட்டதும் பை நிரம்பி நிரம்பி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

"அக்கா, நேவியிட்டயோ அனுப்பப் போறியள்? என்னைப் பிடிச்சிடுவாங்களக்கா" என்று அழுதான்.

"பிடிக்கட்டும். ஓடித் தப்பு பாப்பம். ஓடடா!" என்றேன். சொல்லிவிட்டு நானும் அழுதேன்.

ஒருத்தரும் பிடிக்கவில்லை. நேவி டொக்டர் பெர்மிற் கேட்கவும் இல்லை. எத்தனை பாகம், எத்தனை சிலிண்டர், எவ்வளவு வேகமாக வந்தாய், இவ்வளவுதான் கேட்டாராம். ஆறு நாள் அந்த இரும்பு அறைக்குள் போட்டு எடுத்தார்கள். இடது கால் பெருவிரல் மூன்றாம் நாள் அசைந்தது. ஆறாம் நாள் முழங்கால் மடங்கியது. வலது கால் அசையவில்லை. மூத்திரக் குழாயும் கழற்ற ஏலாமல் கிடந்தது. பிறகு எங்கள் வாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஆறு நாளும், வாட்டுக்கு வந்த பிறகும் நான் நிலுஷாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவள் என்னைக் காணும்போதெல்லாம் எழும்பி நின்றாள். எழும்பி நின்று என்ன? அவளைக் கண்டால் எனக்கு அந்த வீடியோக்காரனின் வெள்ளைக் கோட்டும் சுடுதண்ணிப் போத்தலும்தான் ஞாபகம் வந்தது. வாட்டில் வேலை செய்கிற எல்லோரிடமும் சொன்னேன். இவள்தான் என் தம்பியை முடமாக்கினவள், போனைப் பார்த்து வைத்தியம் செய்தவள். தாதி மிஸ்ஸிமார் அவளைப் பார்க்கிற பார்வையே மாறியது. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

ஆனால் இருட்டில் படுத்துக் கணக்குப் போடுவேன். சனி பதினொரு மணியிலிருந்து ஞாயிறு ஏழு மணி வரைக்கும் இருபது மணித்தியாலம். நேவி டொக்டர் சொன்னாராம், முதல் நாளுக்குள் வந்திருந்தால் கதை வேறு என்று. இருபது மணித்தியாலம் என்பது முதல் நாள்தான். நானே இரண்டு பேரை அப்படித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருத்தன் இப்போது சைக்கிளில் மீன் விற்கிறான். எனக்குத் தெரியும். அவள் இன்னும் இரண்டு சொல் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்த இரண்டு சொல்லைச் சொல்லவிடாமல் செய்தவள் நான்.

ஒன்பதாம் நாள் டொக்டர் பூரணி வாட்டைப் பார்த்துக்கொண்டு வந்தா. றொமேஷின் வலது பாதத்தில் சாவியால் கீறிப் பார்த்தா. ஒன்றும் இல்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டு நின்றேன். அவ நிலுஷாவின் பக்கம் திரும்பினா.

"நீங்கள் படிச்ச ஆள்தானே? ரெண்டு நாள் போனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறீங்கள். உங்கட மச்சாள் இஞ்ச பதினாறு வருசம் வேலை செய்யிறா. கண்டவுடன கண்டுபிடிச்சவ அவதான். நாலு வீடு தள்ளி இருக்கிறவவிட்ட ஒரு சொல் கேக்க ஏலாமப் போச்சோ?"

என் கையில் விரிப்பு நின்றுபோனது. சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லு, சொல்லித் தொலை என்றும் நினைத்தேன். நான் திருப்பிக் கத்துவதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கூகைக்கட்டு, பென்சில் பெட்டி, எல்லாம்.

நிலுஷா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்தாள்.

"என்ர பிழைதான் டொக்டர். கேட்டிருக்க வேணும். கேக்கேல்ல."

கட்டிலில் கிடந்த றொமேஷ் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு அவள் எனக்குப் போன் எடுக்கும்போது அவன் பக்கத்தில்தான் கிடந்திருப்பான். நான் கத்தியது அவனுக்கும் கேட்டிருக்கும்.

டொக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா. நான் நிலுஷாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போனேன்.

"ஏன்டி பொய் சொன்னனீ? ஆர் உன்னட்டப் பிச்சை கேட்டது?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"உங்களைக் காட்டிக் குடுத்தா அவற்ற கால் எழும்புமோ மச்சாள்? நாளைக்கு அவரை ஆர் பிரட்டிறது? எனக்கு அவரைத் தனியத் தூக்க ஏலாது. நீங்கள் எனக்கு வேணும். இல்லாட்டி உங்கட முகத்திலயும் முழிக்கமாட்டன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதை நான் மன்னிக்கமாட்டேன். அவள் கத்தியிருக்க வேண்டும். மிஸ்ஸிமாருக்கு முன்னால், டொக்டருக்கு முன்னால் என் மானத்தை வாங்கியிருக்க வேண்டும். நானும் அவள் மானத்தை வாங்கியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். இப்போது வாட்டில் எல்லோரும் அவளை முறைத்துப் பார்க்கிறார்கள், எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறார்கள், என்னைப் பாவம் மக்டலின் என்கிறார்கள். டொக்டரிடம் போய் உண்மையைச் சொல்லப் பலதரம் வெளிக்கிட்டேன். அவ நிற்கிற கதவு வரைக்கும் போவேன். இன்னும் சொல்லவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அவனைப் பிரட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். அவள் தோளைப் பிடிப்பாள், நான் காலைப் பிடிப்பேன். இரண்டு பேரும் கதைப்பதில்லை. இடது கால் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது. வலது காலை நான் இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டும். நான் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியுதோ என்று நான் இன்றுவரைக்கும் கேட்கவில்லை.